நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

முழங்கால் வலியால்தான் ராய்ஸ் டெமர்ஸ் தன் மீன்பிடிக் குடிலை விற்றான். இருபத்தொரு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். டன்மோர் மில்ஸ் ஊரில் ஒருத்தரும் நம்பியதில்லை.

ஜனவரியில் ஏரி உறைந்து இறுகியதும் அந்தப் பலகைக் குடிலை அதன்மேல் இழுத்துப்போய் நிறுத்துவான். உள்ளே ஒரு சின்ன அடுப்பு, ஒரு ஸ்டூல், தரையில் பனிக்கட்டியைத் துளைத்த ஓட்டை. தூண்டிலைப் போட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். பதினெட்டு வயசிலிருந்து அப்படி உட்கார்ந்தவன், தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிடித்த மீனையும் துளைபோடும் கருவியையும் அங்கேயே விட்டுவிட்டுக் கரைக்கு நடந்து வந்தான். அந்த வாரமே குடிலை விற்றான். முழங்காலுக்காக.

"ராய்ஸ் ஒரு புத்தகம் படிச்சான். படிச்ச பயத்துல குடிலையே வித்துட்டான்." சாப்பாட்டுக் கடையில், காலை ஏழு மணிக்கு, பாதி ஊர் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும்போது, நெல்டா பிளாட்ஜெட் சொன்னது இது. குசுகுசுவென்று சொல்லவில்லை. பள்ளிப் பேருந்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அவருக்கு. அந்தக் குரலில் சொன்னார்.

இப்போது நெல்டா இல்லை. அந்தப் பேச்சைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேறு யாராலும் முடியாது.

நாற்பத்தேழு வருஷம் அவர் அந்த ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டினார். பிள்ளைகளுக்கு அவர் மிசஸ் பி. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வழுக்கை விழுந்த பிறகும் மிசஸ் பி-தான். ராய்ஸும் அந்தப் பேருந்தில் போனவன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மர அறுவை ஆலைக்குப் போனபோது, அவர் இரண்டு வாரம் தினமும் காலையில் அவன் வீட்டு முனையில் பேருந்தை நிறுத்தி ஹாரன் அடித்தார். இறங்கி வந்து புத்தி சொல்லவில்லை. ஹாரனை மட்டும் அடித்தார், மூன்று தரம். ராய்ஸ் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றான். பதினொன்றாம் நாள் அவன் அம்மா, "போய்த் தொலையேன், காது போகுது," என்றாள். அவன் போகவில்லை. அது வேறு கதை.

நெல்டா படித்ததெல்லாம் பேய்க்கதை. வேறு எதையும் தொடமாட்டார் என்றில்லை, மற்ற மாதங்களில் சமையல் புத்தகமும் செய்தித்தாளும் படிப்பார். பேருந்துக் கொட்டகைக்குப் பக்கத்து மேப்பிள் மரத்தில் முதல் கிளை சிவந்த அன்று பேய்ப் புத்தகத்தை எடுப்பார். அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி, பிள்ளைகள் பேய்வேஷம் போட்டு வீடு வீடாக வரும் இரவோடு மூடுவார். நவம்பரில் யாராவது பேய்க்கதை பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைச் சுளிப்பார். "ஜூலையில கிறிஸ்துமஸ் மரம் வெப்பியா நீ?"

காலைச் சுற்று எட்டு இருபதுக்கு முடியும். மதியச் சுற்று இரண்டு பத்துக்குத் தொடங்கும். இடையில் பேருந்தைக் கொட்டகைக்கு வெளியே வெயில் பார்த்து நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கின் நடுவில் புத்தகத்தைச் செருகிக்கொண்டு படிப்பார். அக்டோபர் முழுக்க முன் இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு, இடுப்பில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருக்கும். முன்சீட்டில் உட்கார்ந்து சேட்டை செய்கிற பிள்ளைகளுக்கு இடம் இல்லாமல் போவதற்காகத்தான் அது என்பார். ஆப்பிள் சாறு குடிப்பார், சர்க்கரை தூவிய டோனட்டும் பிடிக்கும், ஆனால் படிக்கும்போது கையில் எடுக்கமாட்டார். தாளில் சர்க்கரை படக்கூடாது.

படித்து முடித்ததும் பென்சிலால், எறும்பு அளவுக்கு, பின்னட்டையின் உள்பக்கத்தில் ஏதோ எழுதுவார். நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு தப்பை மட்டும் செய்தார்.

டன்மோர் மில்ஸ் நூலகம் ஒரே ஒரு பெரிய அறை. பேய்க்கதை அலமாரி, அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டுப் பக்கம், சூடேற்றும் குழாயை ஒட்டி இருந்தது. மூன்று தட்டு. பெரும்பாலும் எழுபதுகளில் வந்த மெல்லிசுப் புத்தகங்கள். கறுப்பு முதுகு, சிவப்பு எழுத்து, பழுப்பேறிய தாள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. போகிறவர் ஒருத்தர்தான், அவர் அந்த இரண்டு இலையுதிர்காலமும் கணவர் வெண்டலின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெண்டல் மார்ச்சில் போய்ச் சேர்ந்தார்.

ஆகஸ்டில் நூலகக் குழு கூடி ஒரு முடிவெடுத்தது. மூன்று வருஷமாக யாரும் எடுக்காத புத்தகம் அலமாரியை விட்டுப் போகவேண்டும். அக்டோபர் முப்பத்தொன்று, மாலை ஐந்து மணிக்குக் கணக்கு. பின்பக்கம் ஒட்டிய தாளில் அந்த மூன்று வருஷத்துத் தேதி முத்திரை இருந்தால் தங்கும், இல்லாவிட்டால் பெட்டிக்குள். காலியாகும் இடத்தில் ஊர்க்காரர்கள் இரவல் வாங்கிப்போகப் பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் மட்டைகளை மாட்டப் போகிறார்கள்.

ஊரில் பெட்டிக்குள் போகிற எல்லாம் கடைசியில் ராய்ஸிடம்தான் வரும். மர ஆலை மூடியபின் அவன் ஊர்க் குப்பைக் கிடங்கின் காவல்காரன். அங்கே ஒரு கொட்டகை, வேண்டாததை வைத்துப்போகலாம், வேண்டியதை எடுத்துப்போகலாம். முன்பொருமுறை நூலகத்திலிருந்து கலைக்களஞ்சியம் ஒரு பெட்டி வந்தது. யாரும் எடுக்கவில்லை. கூரை ஒழுகி, புத்தகங்கள் ரொட்டி போல உப்பின. ராய்ஸ்தான் அவற்றை அமுக்கும் இயந்திரத்துக்குள் தள்ளினான். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

குழு முடிவைக் கேட்ட மறுநாள் நெல்டா நூலகத்துக்குப் போய், மூன்று தட்டையும் ஒவ்வொரு புத்தகமாகத் திருப்பிப் பார்த்தார். அறுபத்தொன்றில் புது முத்திரை இல்லை. ஒரு நூலக அட்டைக்கு ஐந்து புத்தகம், கொண்டுவந்து கொடுத்தால்தான் அடுத்த ஐந்து. நூலகர் கார்லீன் ஃபிஸ்க் நல்ல பெண்மணி. வெளியூரிலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவரே ஒரு வழி சொன்னார்.

"மிசஸ் பி, எடுத்துட்டுப் போய் மறுநாளே கொண்டாங்க. முத்திரை விழுந்தா போதும். படிச்சீங்களான்னு நான் கேக்கப் போறதில்ல."

"நீங்க கேக்கமாட்டீங்க. நான் கேப்பேன்," என்றார் நெல்டா. "படிக்காத புத்தகத்துக்கு முத்திரை வாங்குறது, பிள்ளைய ஏத்தாமலே ஏத்தினேன்னு எழுதுற மாதிரி. நாப்பத்தேழு வருஷத்துல நான் அப்படி எழுதினதில்ல."

மேப்பிள் சிவக்கும்வரை அந்த வருஷம் காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில், இன்னும் கொசு கடிக்கும் காலத்தில், முதல் புத்தகத்தைப் பிரித்தார். நாளைக்கு ஒன்று. சில நாள் இரண்டு.

இங்கேதான் அவர் ஒரு தப்புக் கணக்குப் போட்டார். பேய்க்கதை வெறியர்கள் மட்டுமே போடக்கூடிய கணக்கு. சப்பையான புத்தகங்களை முதலில் வைத்து, பயம் ஏற ஏற வரிசைப்படுத்தி, இருப்பதிலேயே கொடூரமான ஏழு புத்தகங்களை அக்டோபரின் கடைசிக்கு ஒதுக்கினார். நல்லதை எல்லாம் கடைசி வாரத்துக்குச் சேமிப்பது அவர் சின்ன வயசுப் பழக்கம். காப்பாற்றவேண்டிய புத்தகங்கள் எவையோ அவைதான் அதனால் வரிசையின் கடைசியில் நின்றன.

அக்டோபர் பதினேழாம் தேதி, ஐம்பத்து நான்கு முடிந்திருந்தபோது, மழையில் ஊறிய இலைமேல் கால் வைத்துப் பேருந்துப் படியிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்து கட்டிலில் கிடத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராய்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனான், நாற்பது மைல். கையில் ஒரு பூசணிக்காயைக் கொண்டுபோனான், பூ வாங்கத் தெரியாததால். அதைக் கட்டில் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றான்.

"கண்ணு மூக்கு வெட்டாமலா கொண்டாந்த?"

"கத்திய உள்ள விடமாட்டாங்க மிசஸ் பி."

"உக்காரு. எனக்கு எழுத்து நீந்துது ராய்ஸ். மாத்திரைக் கோளாறு. ஒரு வரி படிச்சா அடுத்த வரி மேல வந்து ஏறிக்குது. ஏழு புத்தகம் பாக்கி. பதினோரு நாள் இருக்கு."

"நான் போய் முத்திரை வாங்கிடறேன். லாரியில போட்டு வெச்சிருந்து திருப்பிக் குடுத்துடறேன். முடிஞ்சுது."

"முடியல. நீ படிக்கணும்."

ராய்ஸ் சிரித்தான். நெல்டா சிரிக்கவில்லை.

"நான் ஒம்பதாவது மிசஸ் பி. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். ஹாரன் அடிச்சவ நான்தானே. ஒம்பது வரைக்கும் படிச்சவனுக்கு எழுத்துக் கூட்ட வராதா?"

"அந்த ஏழுல எது எது இருக்கு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு பெயர்களைச் சொன்னார். 'உப்புக் கிடங்கு.' 'மாடியில் யாரும் இல்லை.' 'பன்றி வளர்த்தவள்.' இப்படி ஆறு. ஏழாவதைச் சொல்லாமல் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். சொல்லவேண்டியதில்லை. 'கீழேயிருந்து தட்டியது.' அவன் ஏரியின்மேல் வைத்துப் படித்த புத்தகம்.

"அத விட்டுடலாம். ஒண்ணு போனா என்ன?" என்றான் ராய்ஸ்.

"கடைசியில பாக்கலாம்," என்றார் நெல்டா. அதுவும் அவர் பழக்கம்தான்.

செவ்வாய்க்கிழமை கிடங்கைப் பூட்டிவிட்டு நூலகத்துக்குப் போனான். வாழ்நாளில் முதல்தரம் ஒரு அட்டை கேட்டான்.

"விலாசத்துக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா, மிஸ்டர் டெமர்ஸ்?" என்றார் கார்லீன் ஃபிஸ்க்.

"வாரா வாரம் உங்க குப்பைய நான்தான் வாங்கறேன். என்னைத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். ஆனாலும் கரண்ட் பில் வேணும்."

வீட்டுக்குப் போய்ப் பில்லோடு வந்தான். ஐந்து புத்தகம். முத்திரை ஐந்து தரம் விழுந்தது. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. அதற்கும் காரணம் தெரியாது.

பகலில்தான் படிப்பான். வேலை அப்படி, வெளிச்சம் அப்படி என்று ஏதோ சொல்லிக்கொண்டான். கிடங்கு வாசலில் அவனுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு, உள்ளே கரண்ட் அடுப்பு. வரிக்குக் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படித்தான். முதல் நாள் ஒரு பக்கம் முடிய ஒரு சிகரெட் நேரம், அப்புறம் அதில் பாதி. இடையில் வண்டி வந்தால் எழுந்து, பாட்டில் அங்கே, அட்டைப்பெட்டி இங்கே என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்ப உட்காருவான். விரல் வைத்திருந்த இடம் மறந்துபோகும். மேலிருந்து மறுபடி படிப்பான்.

சனிக்கிழமை குழாய் வேலைக்காரன் ட்வைட் பீஸ்லி கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்ன ராய்ஸ், மறுபடியுமா? இந்தத் தடவ எத விக்கப் போற? லாரியையா?"

"முழங்கால் வலி," என்றான் ராய்ஸ், தலை தூக்காமல்.

"படிக்கறதுக்கு முழங்கால் எதுக்கு?"

"உன் குப்பைய எடுத்துக்கிட்டு வீட்டுக்கே போறியா, இல்ல ஒழுங்காக் கொட்டறியா?"

ட்வைட் ஒழுங்காகக் கொட்டினான். போகும்போது கூண்டின் கண்ணாடிக்குக் கீழே இருந்த தகரத்தை மூன்று தரம் தட்டிவிட்டுப் போனான். ராய்ஸ் துள்ளி எழுந்ததில் காப்பி மடியில் கொட்டியது. ஊர் முழுக்க அந்தக் கதை சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். நெல்டா கேள்வி கேட்பார். யார் செத்தது, எந்த அறையில், கதவு எந்தப் பக்கம் திறக்கும். சரியாகச் சொன்னால் "ம்" என்பார். அவ்வளவுதான். 'உப்புக் கிடங்கு' முடிந்தது. 'மாடியில் யாரும் இல்லை' முடிந்தது. மாடியில் ஆள் இருந்தது.

மூன்றாவது புத்தகத்தில் ராய்ஸுக்கு அலுத்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஊரே பழைய சோபாக்களைக் கொண்டுவந்து இறக்கியது. 'பன்றி வளர்த்தவள்' புத்தகத்தை நாற்பது பக்கத்தோடு மூடிவைத்து, பின்னட்டையில் போட்டிருந்த கதைச் சுருக்கத்தை இரண்டு தரம் படித்துக்கொண்டு போனான்.

"சொல்லு. தொழுவத்துல இருந்தது யாரு?"

"தங்கச்சி. செத்துப்போனதா நெனச்ச தங்கச்சி."

நெல்டா கூரையைப் பார்த்தார்.

"ராய்ஸ், அந்தக் கதையில தங்கச்சியே கிடையாது. இருக்கறது அத்தை. பின்னட்டையில தங்கச்சின்னு போட்டிருக்கான். அதை எழுதினவனும் உன்னை மாதிரி, புத்தகத்தைப் படிக்கல."

ராய்ஸின் காது சிவந்தது. ஐம்பத்திரண்டு வயசு ஆள், பேருந்தில் சூயிங்கம் ஒட்டிப் பிடிபட்டவன் போல உட்கார்ந்திருந்தான்.

"சோபா வந்துடுச்சு மிசஸ் பி. பதினாலு சோபா."

"அது என் தப்பா, அத்தையோட தப்பா? போ. முடிச்சிட்டு வா."

லாரியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்திலேயே, வெளிச்சம் இருக்கும்வரை படித்தான். மறுநாள் காலையில் கிடங்கைத் திறக்கும் முன் மீதியை முடித்தான். அத்தைதான். அத்தை என்று தெரிந்தபிறகும் அந்தத் தொழுவக் கதவு திறக்கிற இடத்தில் அவன் கை குளிர்ந்துபோனது. பின்னட்டையில் எழுதினவனுக்குத் தான் எதை இழந்தோம் என்றுகூடத் தெரியாது என்று நினைத்தான். அதற்கப்புறம் ராய்ஸ் ஏமாற்றவில்லை.

ஐந்தும் முடிந்து திருப்பிக் கொடுத்து ஆறாவதை எடுத்தான். ஏழாவதும் அதே தட்டில், கையெட்டும் தூரத்தில் நின்றது. கறுப்பு முதுகு. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தான். கார்லீன் ஃபிஸ்க் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"இன்னும் நாலு எடுக்கலாம் நீங்க."

"எண்ணத் தெரியும்."

முப்பதாம் தேதி ஆறாவது முடிந்தது. அன்று ஆஸ்பத்திரியில் நெல்டாவின் கன்னம் சிவந்திருந்தது. காய்ச்சல். கேள்வி குறைவாகக் கேட்டார். அவன் கிளம்பும்போது, "நாளைக்கு அஞ்சு மணி," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முப்பத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை, கிடங்கு திறக்கிற நாள். ராய்ஸ் ஒன்பது மணிக்குத் தனக்குள் முடிவெடுத்தான். ஒரு புத்தகம் போனால் குடி முழுகிவிடாது. அறுபது மிஞ்சும். பத்து மணிக்கும் அதே முடிவுதான். மதியம் ரொட்டியைக் கடிக்கும்போதும் அதேதான். இரண்டரைக்குப் பேருந்து கிடங்கைக் கடந்து போனது. ஓட்டியது யாரோ ஒரு மாற்று ஆள். முன்சீட்டு எலும்புக்கூடு பெல்ட் இல்லாமல் சாய்ந்து, கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு ஏனோ அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நாற்பத்தேழு வருஷத்தில் அது ஒருநாளும் பெல்ட் இல்லாமல் போனதில்லை.

நான்கு மணிக்குக் கிடங்கைப் பூட்டவேண்டும். மூன்றே முக்காலுக்கு ஒரு குடும்பம் குளிர்சாதனப் பெட்டியோடு வந்தது. அதை இறக்கி, கதவைக் கழற்றி, கையெழுத்து வாங்கி அனுப்புவதற்குள் நாலரை. லாரி கிளம்ப மூன்றுதரம் மறுத்தது. நூலக வாசலில், கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே மெழுகுவத்தி வைத்த பூசணிக்காய்கள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. வேஷம் போட்ட பிள்ளைகள் படிக்கட்டில் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். ஐந்துக்கு எட்டு நிமிஷம்.

அலமாரிக்குப் பக்கத்தில் காலி அட்டைப்பெட்டி ஒன்று தயாராக இருந்தது. இன்னொரு பெட்டியில் வேறு தட்டுகளிலிருந்து வந்த தோட்டக்கலைப் புத்தகங்கள் நாலைந்து கிடந்தன. ராய்ஸ் கையை நீட்டிக் கறுப்பு முதுகை இழுத்தான். இருபத்தொரு வருஷத்துக்கு அப்புறம் அது அவன் கையில் அதே கனம்தான் இருந்தது. மேஜையில் வைத்தான்.

கார்லீன் ஃபிஸ்க் பின்னட்டையைத் திறந்தார். முத்திரையை ஓங்கியவர் நிறுத்தினார்.

"இதுல யாரோ பென்சில்ல எழுதியிருக்காங்க."

"எங்க?"

அவர் திருப்பிக் காட்டினார். எறும்பு எழுத்து. வருஷம், வானிலை. '83, மழை. '87, உறைபனி. '91, காற்று, வெண்டலுக்குச் சளி. அப்படியே இறங்கி வந்து: '98, ராய்ஸ், 112.

புத்தகத்திலும் எழுதிவைத்திருக்கிறார். ஊருக்குச் சொன்னது போதாதென்று. ராய்ஸ் புத்தகத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினான்.

"அழிப்பான் இருக்கு, வேணும்னா..." என்றார் கார்லீன்.

"முத்திரையக் குத்துங்க."

குத்தினார். ஐந்துக்கு மூன்று நிமிஷம். அவர் எழுந்துபோய், அலமாரியின் மூன்று தட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, காலிப் பெட்டியைக் காலால் அப்பால் தள்ளினார். "பனி மட்டைக்கு வேற சுவரு பாக்கணும்," என்றார். அவர் முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

ராய்ஸ் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. வாசலில் இருந்த செவிலிப் பெண் பூனைக் காது மாட்டியிருந்தாள். நெல்டாவின் அறையில் பூசணிக்காய்க்கு யாரோ கறுப்புப் பேனாவால் கண்ணும் பல்லும் வரைந்திருந்தார்கள். அவருக்கு உதடு காய்ந்திருந்தது, குரல் மட்டும் கடைசி வரிசைக்குக் கேட்கிற அதே குரல்.

"வாங்கினியா?"

புத்தகத்தைப் போர்வைமேல் போட்டான். "அறுபத்தொண்ணும் ஆச்சு. பெட்டி காலி."

அவர் கையை அட்டைமேல் வைத்துக்கொண்டார். பிறகு:

"படிச்சியா?"

"முத்திரை வாங்கியாச்சு."

"நான் அத கேக்கல."

அப்போதுதான் ராய்ஸ் வெடித்தான். இருபத்தொரு வருஷம் அடக்கியது.

"ஊரு பூரா சொன்னீங்க. காப்பிக் கடையில வெச்சு, எல்லார் முன்னாடியும். இன்னிக்கு வரைக்கும் அந்த ட்வைட் பய என் கூண்டைத் தட்டிட்டுப் போறான். அதோட விட்டீங்களா? புத்தகத்துலயும் எழுதி வெச்சிருக்கீங்க. நான் முழங்காலுக்காகத்தான் வித்தேன்!"

"முழங்காலா?"

"முழங்கால்!"

"எந்த முழங்கால்?"

ராய்ஸ் வலது காலைத் தொட்டான். போன வாரம் இடது காலைத் தொட்டதாக அவனுக்கே ஞாபகம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தட்டுச்சு மிசஸ் பி," என்றான், தரையைப் பார்த்து. "புத்தகத்துல தட்டுற இடம். நான் விரல் வெச்சுப் படிச்சிட்டிருக்கேன். அப்ப கீழ, என் காலுக்குக் கீழ. பனிக்கட்டி விரிசல் விடற சத்தமாத்தான் இருக்கும். தினம் கேக்கற சத்தம்தான். எனக்குத் தெரியும். ஆனா மூணு தரம் கேட்டுச்சு."

நெல்டா சிரிப்பார் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை.

"அக்டோபர்ல படின்னுதான் குடுத்தேன். பிப்ரவரிக்கு வெச்சுக்கிட்டது உன் தப்பு. சீசன் தாண்டிப் படிச்சா அது அடங்காது." தலையணையில் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். "அது கேலின்னா நெனச்ச? இத்தன வருஷமும்?"

"பின்ன என்ன?"

"பொறாமைடா. சின்னதுலேர்ந்து படிக்கறேன். எத்தன ஆயிரம்னு எண்ணல. எந்தப் புத்தகமும் என்னை எதையும் விக்க வெச்சதில்ல. எழுந்து ஓட வெச்சதில்ல. விளக்கைப் போட்டுட்டுக்கூட நான் தூங்கினதில்ல. ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷமாவது வருமான்னு எடுப்பேன். நீ ஒரே ஒரு புத்தகம் படிச்ச. நூத்திப் பன்னெண்டு பக்கம், அங்க மடிச்சபடி திருப்பிக் குடுத்த. ஏரியை விட்டே வந்துட்ட." மூச்சு வாங்கினார். "இந்த ஊர்ல ஒழுங்காப் படிச்சவன் ஒருத்தன்னா அது நீதான். அதத்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். சத்தமா."

ராய்ஸ் பூசணிக்காயைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

பூனைக் காது போட்ட பெண் உள்ளே வந்து, இடுப்புக் காயத்தில் சீழ் கோத்திருக்கிறது, விடியற்காலையில் மறுபடி அறுவைக்கு எடுத்துப்போகிறோம், அம்மா ஓய்வெடுக்கவேண்டும் என்றாள். நெல்டா அவளிடம், "ரெண்டு நிமிஷம் குடு செல்லம், பூனைன்னா பொறுமையா உக்காரணும்," என்றார். அவள் சிரித்துக்கொண்டே கதவோரம் நின்றாள்.

ராய்ஸ் எழுந்து தொப்பியை எடுத்தான். நெல்டா புத்தகத்தைப் போர்வைமேல் வைத்தபடியே அவன் பக்கம் தள்ளினார்.

"மணி என்ன?"

"ஆறரை."

"அப்ப இன்னும் அக்டோபர்தான். நேரம் இருக்கு. எடுத்துட்டுப் போய்ப் படி. முடிவு என்னன்னு என்கிட்ட சொல்லவேண்டாம், எனக்குத் தெரியும். நீ எங்க எங்க பயந்தியோ அத மட்டும் பென்சில்ல குறிச்சு வை."

அவன் புத்தகத்தை எடுத்தான். நின்றபடியே கட்டைவிரலால் பக்கங்களைத் தள்ளினான். தாள் பழக்கப்பட்டதுபோலத் தானாகவே ஒரு இடத்தில் விரிந்தது. அவர் கட்டிலிலிருந்தே கையை நீட்டி, அதை மூடினார்.

"நூத்திப் பன்னெண்டுலேர்ந்து இல்ல ராய்ஸ். முதல்லேர்ந்து."